வரித்தொகைக்கு ஏற்ப அளவீட்டை நீட்டாதே

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பின் மச்சான்,

மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருந்தது என் பிழைதான். மாமிக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கட்டையன் கனடாவிலிருந்து வந்து, எல்லாரிடமும் உன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒருவருக்கும் கோல் எடுக்காமல் திரும்பிவிட்டான். மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. கம்பனிகளுக்கு வினாக்கொத்து அனுப்பி, அவற்றின் ஆய்வு, அபிவிருத்திச் செலவை அந்த அளவீட்டில் கூட்டிப் பார்த்தீர்கள். வரிக்கழிவுக்கு அவர்கள் காட்டிய தொகை அதைவிடக் கனக்கப் பெரிது. ஆகவே வரித்தொகையைத் தொடும்வரை அளவீட்டின் நிறைகளை, அதாவது பதில் தந்த ஒரு கம்பனி எத்தனை கம்பனிக்குச் சமமாக எண்ணப்படுகிறது என்பதை, உயர்த்திவிடலாம் என்று யோசிக்கிறீர்கள். நீ பள்ளிக்கூடத்திலும் பின்பக்கத்து விடையைப் பார்த்துவிட்டு வழியை எழுதுகிறவன். தராசு மிஸ் இருந்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பா. இதைச் செய்ய விடாதே மச்சான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று கம்பனி கம்பனியாகப் பார்த்து முடியும்வரையாவது விடாதே.

பிரித்தானியாவில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அங்கே அளவீடு, ஆய்வு செய்வதாக ஏற்கெனவே தெரிந்த கம்பனிகளின் பட்டியலை நம்பி ஓடியது. சின்னக் கம்பனிகள் சரியாக அகப்படவில்லை. 2022இல் அதைத் திருத்தியபோது 2020ஆம் ஆண்டுக்கான தொகை ஏறக்குறைய 27 பில்லியன் பவுணிலிருந்து 43 பில்லியனுக்குப் போனது. 2027இல் ஆய்வு, அபிவிருத்திச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.4 சதவீதத்தை எட்டுவது என்று அரசாங்கம் வைத்திருந்த இலக்கு, ஆய்வுகூடத்தில் ஒரு ஆளும் கூடாமலே கைக்கு வந்துவிட்டது. திருத்தம் தேவைதான், விடுபட்ட சின்னக் கம்பனிகள் உண்மையானவை. ஆனால் 2023 ஜூலையில் வரித்திணைக்களமே 2020-21 ஆய்வுக் கழிவுகளில் பிழையும் மோசடியுமாக 16.7 சதவீதம் போயிருக்கிறது என்று வெளியிட்டது. சிறிய, நடுத்தரக் கம்பனிகளுக்கான திட்டத்தில் 24.4 சதவீதம், நாலில் ஒன்று மச்சான். வரித்தொகை என்ற அளவுகோலே அவ்வளவு நீண்டிருந்தால் அதை வைத்து எதை அளப்பது?

ஆகவே முதலில் கம்பனிப் பதிவு இலக்கத்தையும் வரி இலக்கத்தையும் கொண்டு அளவீடு, வரி ஆகிய இரண்டு கோப்புகளையும் பொருத்து. பெயரால் பொருத்தாதே, '(பிரைவேட்) லிமிட்டெட்' என்பதையே ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். பொருத்தினால் மூன்று பட்டியல் வரும்: இரண்டிலும் உள்ளவை, வரியில் மட்டும் உள்ளவை, அளவீட்டில் மட்டும் உள்ளவை. வேலை முழுக்க இந்த மூன்றுக்குள்ளேதான்.

இரண்டிலும் உள்ளவற்றில் வரிக்கோப்பின் நிரலில் இருப்பது செலவா, கழிவா என்று பார். எங்கட 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், செலவுக்கு மேல் இன்னொரு 100 சதவீதத்தைக் கழிக்கவும் இடம் வைத்தது. கழிவு முழுவதையும் செலவென்று எடுத்தால் தொகை அப்படியே இரட்டிக்கும். அடுத்தது ஆண்டு: வரியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, உங்கள் வினாக்கொத்து ஜனவரி முதல் டிசம்பர்வரை கேட்கிறது. பிறகு இயந்திரம். ஆய்வுச் செலவை அளப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான ஃப்ரஸ்காட்டி கைநூலின்படி, வாங்கிய வருடத்திலேயே முழு விலையும் மூலதனச் செலவாக வரவேண்டும், தேய்மானம் வரக்கூடாது. கணக்காளர் கையில் இருப்பதோ தேய்மானம்தான். அவர் அதையே எழுதி அனுப்புவார், சிலவேளை இரண்டையும் சேர்த்தே எழுதுவார். கடைசியாக வெளியே கொடுத்த வேலை. ஒரு கம்பனி பல்கலைக்கழகத்துக்குக் காசு கொடுத்து ஆய்வு செய்வித்தால், அது செய்த இடத்தின் கணக்கு. கொடுத்தவனிடமும் செய்தவனிடமும் எண்ணினால் ஒரே ரூபா இரண்டு தரம் வரும்.

வரியில் மட்டும் உள்ளவைதான் உண்மையான தலையிடி. அதில் பாதிப்பேர் உங்கள் சட்டகத்தில், அதாவது அளவீட்டுக்கு ஆளெடுக்கிற கம்பனிப் பட்டியலில், இல்லாதவர்களாக இருக்கலாம், பாதிப்பேர் ஆய்வே செய்யாதவர்களாக இருக்கலாம். மேசையில் இருந்துகொண்டு பிரிக்க முடியாது. பெரிய தொகைகள் எல்லாவற்றையும், சின்னவற்றில் எழுமாற்றாக ஒரு பங்கையும் எடுத்துக் கோல் பண்ணச் சொல். கைநூலின் ஐந்து நிபந்தனைகளையும் கேட்க வேண்டும்: புதியதா, ஆக்கபூர்வமானதா, முடிவு முன்கூட்டியே தெரியாததா, ஒழுங்காகத் திட்டமிட்டதா, மற்றவர் திரும்பச் செய்யக்கூடியதா. மூன்றாவது கேள்வியில்தான் அநேகம் விழும். வாங்குபவர் அனுப்பிய டிசைனுக்கு ஆடைத் தொழிற்சாலையின் சாம்பிள் றூமில் தைத்துப் பார்ப்பது ஆய்வில்லை. கழுவினாலும் போகாத ஒரு புதிய பூச்சை, வருமா வராதா என்று தெரியாமல் முயன்று பார்த்தால் அது ஆய்வு. இருக்கிற மென்பொருளை ஒரு வங்கிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது, தேயிலைத் தொழிற்சாலையின் வழக்கமான தரப்பரிசோதனை, சந்தை ஆய்வு எல்லாம் வெளியே.

அளவீட்டில் மட்டும் உள்ளவர்களைச் சந்தேகிக்காதே. நட்டத்தில் ஓடுகிறவனுக்குக் கழிவால் உடனே இலாபம் இல்லை, கேட்டிருக்கமாட்டான். இன்னொரு கூட்டத்தின் செலவு இரண்டு கோப்பிலும் இருக்காது: கொழும்பில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தாய்க்கம்பனிக்கு மென்பொருள் ஆய்வு செய்கிறவர்கள். 'அது எங்கட ஆய்வில்லை, அவங்கட' என்று பூச்சியம் போடுவார்கள். வேலை இங்கே நடந்தால் அது இலங்கையின் செலவு. காசு வந்த இடம் மட்டும்தான் வெளிநாடு. வினாக்கொத்தில் இதை ஒரு வசனமாகவே எழுதிப் போடு.

2022ஐத் தனியாக வைத்துப் பார். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். டொலரில் சம்பளம் கொடுக்கிற கம்பனியின் ஆய்வுச் செலவு ஒரு ஆளும் கூடாமல் ரூபாவில் கனக்கக் கூடியிருக்கும். ஆகவே ஆளெண்ணிக்கையை முழுநேரச் சமானத்தில் (அரைநேரம் ஆய்வு செய்யும் இருவர் ஓர் ஆள் என்ற கணக்கில்) வாங்கி, ஓர் ஆளுக்கான செலவைப் போன வருடத்தோடு ஒப்பிடு. 'ஆயிரம் ரூபாவில்' என்று கேட்ட இடத்தில் முழு ரூபாவையும் எழுதியவனும் அதே விகிதத்தில் அகப்படுவான். அவன் ஆயிரம் மடங்கு துருத்திக்கொண்டு நிற்பான்.

நிறைகளையும் கவனி. நிறை 80 உள்ள ஒரு சின்னக் கம்பனி 50 மில்லியன் ரூபா என்று எழுதினால், அட்டவணையில் அது 4 பில்லியன். பதிவை அழிக்காதே. தொகை உண்மையென்று உறுதிப்பட்டால் நிறையை ஒன்றாக்கி, தனியாக நிற்க விடு. பதில் வராத கம்பனிக்கு ஒருபோதும் பூச்சியம் போடாதே. வெறுமையும் பூச்சியமும் வேறு வேறு குறியீட்டில் இருக்கட்டும்.

மேலிடம் அவசரப்படுத்தும், தெரியும். வித்தியாசத்தை மறைக்காமல் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எந்தக் காரணத்தால் எவ்வளவு என்று ஒரு அட்டவணை வெளியிடுங்கள். விளங்காத மிச்சத்தை 'விளங்காதது' என்றே எழுதுங்கள். இந்தத் தொகையைப் பார்த்துத்தான் நாளைக்கு யாருக்கோ மானியம் கிடைக்கப் போகிறது, யாருக்கோ வெட்டு விழப்போகிறது.

பொருத்தும் வேலை முடிந்ததும் இரண்டாவது பட்டியலில் பெரிய இருபதின் விவரத்தை, பெயர்களை நீக்கிவிட்டு அனுப்பு. கோலில் என்னென்ன கேட்பது என்று இருந்து எழுதித் தாறன். மாமி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

அன்புடன்,
உன் மச்சான்