1-0-1 என்று எழுதித் தருவதை நிறுத்துங்கள்: மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இராமநாதபுரம் மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோரக் கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரைகளை இலவசமாகத் தருகிறீர்கள். அதற்கு நன்றி. குறை, மாத்திரை உறைமேல் காலை-மதியம்-இரவு என்ற வரிசையில் எழுதும் எண்களில் இருக்கிறது.

கால்சியம் 1-0-1. சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை 0-0-1. இப்படி எழுதினால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டும் ஒரே மடக்குத் தண்ணீரில் உள்ளே போகின்றன. கால்சியம், குடலில் இரும்பு சேர விடாமல் தடுக்கும். இரண்டுக்கும் நடுவில் 2 மணி நேரம் விட வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் உறையில் அது இல்லை. அடுத்த மாதம் ரத்தம் ஏறவில்லை என்றதும், "ஒழுங்கா சாப்பிட்டியா, தூக்கிப் போட்டியா?" என்று அதட்டல். எழுதியபடியே விழுங்கியவளுக்கு இந்த அதட்டல் நியாயமா?

இரும்பை மட்டும் காலைக்கு மாற்றச் சொல்வதும் இங்கே சரிப்படாது. கடல்பாசி எடுக்கவோ மீன் ஏலத்துக்கோ விடியுமுன் கிளம்பும் பெண், வெறும் வயிற்றில் ஒரு டீயோடு மாத்திரையைப் போடுகிறாள். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் இரும்பு குமட்டும். வள்ளம் ஆடினால் கேட்கவே வேண்டாம். ரெண்டு நாள் வாந்தி எடுத்தபின் அட்டை பரணுக்குப் போய்விடுகிறது.

மாற்றம் சின்னதுதான். கால்சியத்தை 1-1-0 ஆக்குங்கள்: காலைச் சாப்பாட்டோடு ஒன்று, கரை திரும்பியபின் மதியச் சோற்றோடு ஒன்று. இரும்பு, இரவு சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, படுக்கும்போது. அதோடு பால், டீ, காப்பி கூடாது. எலுமிச்சைத் தண்ணீர் நல்லது. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள், அதைப் பார்த்துப் பயந்தே நிறுத்துகிறவர்கள் உண்டு. தைராய்டு மாத்திரை எடுப்பவர் அதை விடியற்காலை வெறும் வயிற்றில் போட்டால், கால்சியமும் இரும்பும் 4 மணி நேரம் தள்ளித்தான். அவருக்குக் காலைக் கால்சியம் மதியத்துக்கும் மதியத்தது இரவுச் சோற்றோடும் போக வேண்டும். இரும்பு அப்போதும் 2 மணி நேரம் கழித்தே.

மருந்துக்கடைச் சரக்கு தனி வேதனை. வாரம் ஒன்று என்ற 60,000 யூனிட் வைட்டமின் டி-யைத் தினமும் தின்றால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், சிறுநீரகக் கல் வரை போகும். அட்டையில் எல்லாம் ஆங்கிலம். யாரோ வாங்கித் தந்த மல்டிவைட்டமினில் வைட்டமின் ஏ எவ்வளவு என்று கர்ப்பிணி எப்படிப் பார்ப்பாள்? அது அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்குத்தானே கேடு? இதே வீட்டில் பள்ளிப் பிள்ளையின் வாரம் ஒன்று நீல இரும்புச்சத்து மாத்திரையும் கிடக்கிறது. சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று கைக்குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறோம்: உறையில் நேரத்தையும் எதற்குப் பின் என்பதையும் தமிழில் எழுதித் தர உத்தரவிடுங்கள். கிராம சுகாதார செவிலியர் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, "டீ எப்போ குடிப்ப? வேறென்ன மாத்திரை சாப்பிடுற?" என்று கேட்டுவிட்டு எழுதட்டும். அடுத்த மாதப் பரிசோதனை நாளுக்குள் இதைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கடலோரக் கிராமத்தினர்