தோற்றவருக்கும் ஒரு புள்ளியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிப் போட்டித்தொடரான தேசிய ஹாக்கி லீக் புது ரசிகர்களைப் பிடிக்க வேண்டுமானால் வாணவேடிக்கையும் பாட்டும் கைகலப்பும் இன்னும் கூட வேண்டும் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். வேலூர் வெயிலில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரை ஹாக்கி சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். ஐஸ் என்றால் எங்களுக்கு சர்பத்தில் மிதப்பதுதான். மகள் டொரன்டோவில் குடியேறிய பிறகு இந்தப் பைத்தியம் பிடித்தது. அங்கே இரவு ஏழு மணி ஆட்டம், மார்கழியில் இங்கே விடியற்காலை ஐந்தரை.

முதல் நாள் என் மனைவி கேட்டது, "பந்து எங்கே?" மூன்று அங்குலக் கறுப்பு ரப்பர் வட்டு, டிவியில் தயிர்சாதத்தில் விழுந்த கடுகு மாதிரி இருக்கும். 1996-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி வட்டுக்குள் மின்கருவி வைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி காட்டியது. வேகமாக அடித்தால் சிவப்பு வால் முளைக்கும். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள், இரண்டே ஆண்டுகளில் அந்த ஒளியை ஃபாக்ஸ் மூட்டை கட்டிவிட்டது. மனைவியிடம், "வட்டைத் தேடாதே, ஆட்களின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்" என்றேன். ஒரே வாரத்தில் என்னைவிட வேகமாகக் கோல் என்று கத்துகிறாள்.

கைகலப்பையும் மறுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மான்ட்ரியலில் அமெரிக்காவும் கனடாவும் மோதியபோது முதல் ஒன்பது விநாடிகளில் மூன்று சண்டை. நானும் நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன். ஆனால் ஐந்து நாள் கழித்து பாஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் கனடா வீரர் மெக்டேவிட் அடித்த கோல்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

என் குறை புள்ளிக் கணக்கில். அறுபது நிமிடத்துக்குள் வென்றாலும் இரண்டு புள்ளி, கூடுதல் நேரத்தில் வென்றாலும் அதே இரண்டு. கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கும் ஒன்று உண்டு. ஆக, சமநிலையில் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிவிட்டால் இரு அணிக்கும் ஒரு புள்ளி உறுதி. பிறகு எவன் துணிந்து முன்னேறுவான்? வட்டைச் சும்மா தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் பொய்கை மாட்டுச் சந்தையில் விலை படிந்த மாட்டை யாராவது மறுபடி ஓட்டிப் பார்ப்பார்களா?

உலகப் போட்டிகளில் அறுபது நிமிடத்துக்குள் வென்றால் மூன்று புள்ளி, கூடுதல் நேர வெற்றிக்கு இரண்டு, அதில் தோற்றால் ஒன்று. 2024-இல் தொடங்கிய பெண்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கிலும் இதே கணக்குதான். அங்கே இன்னொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: தண்டனை பெற்று ஒருவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார்ந்திருக்க, ஆள் குறைந்த அந்த அணியே கோல் போட்டுவிட்டால் அவர் உடனே விடுதலை! இரண்டு நிமிடத்தையும் தடுத்தே கழிக்க வேண்டிய அணி, துணிந்து பாய்கிறது.

தரை ஹாக்கியில், எதிரணிக் கோல் பக்கம் முன்கூட்டியே போய் நிற்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியை எடுத்தபோது ஆட்டமே கெட்டது என்று நானும் புலம்பியவன்தான். ஒரு பருவம் முடிவதற்குள் வாயை மூடிக்கொண்டேன். ஆண்கள் லீக்கும் வாணத்துக்குச் செலவழிக்கும் முன் அந்த ஒற்றைப் புள்ளியில் கை வைக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
காட்பாடி, வேலூர்.