ஏழாவது டிராக் பற்றி

சாலிகிராமம்,
நவம்பர் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய ஸ்கிரிப்ட் கிடைத்தது. 142 பக்கத்தையும் பிரின்ட் எடுத்து, பென்சிலும் கையுமாகப் படித்து முடித்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால் கடிதம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மாடி வீட்டுக்காரர் விஷயம் இன்னும் அப்படியேதான். மற்றதை அம்மா சொல்வாள். ஸ்கிரிப்ட் எழுதுவதாக அவளிடம் நீ மூச்சுகூட விடவில்லையாமே, அது ஏன்?

வசனம் நன்றாக வந்திருக்கிறது. பேக்கரிக் கிழவரின் டிராக்கில், அதாவது அந்தக் கிளைக்கதையில், ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. கோடம்பாக்கத்தில் பத்துப் படம் எழுதியவர்களே கிழவர் என்றால் தத்துவம் பேச வைத்துவிடுவார்கள். நீ பேச வைக்கவில்லை. பெருமையாக இருந்தது.

லண்டன், கிறிஸ்துமஸ், ஏழு காதல் கதை என்று சொன்னதுமே எந்தத் தயாரிப்பாளரும் 'லவ் ஆக்சுவலி'யைத்தான் இழுப்பார். கூச்சப்படாதே. ரசிகையாக அல்ல, வெட்டுகிறவளாக உட்கார்ந்து இன்னொரு தடவை பார். 2003-இல் வந்த படம். அதுவரை எழுதிக்கொண்டிருந்த ரிச்சர்ட் கர்டிஸ் முதல் முறையாக டைரக்ட் செய்தது. எடிட்டர் நிக் மூர். முதல் ரஃப் கட், அதாவது செதுக்காமல் கோர்த்த முதல் வடிவம், மூன்றரை மணி நேரம் ஓடியது. தியேட்டருக்கு வந்தது 135 நிமிடம். நடுவே போனவற்றில் இரண்டு டிராக் முழுசாகப் படமாக்கப்பட்டவை. ஒன்று, பள்ளித் தலைமையாசிரியையும் சாகக் கிடக்கும் அவர் துணையும். இன்னொன்று, ஆபீஸ் சுவரில் தொங்கும் போஸ்டரில் இருக்கும் ஆப்பிரிக்கப் பெண்களின் கதை. நீளத்தைக் குறைக்க எல்லா டிராக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினால் எல்லாமே நொண்டும். தூக்குவதென்றால் ஒரு டிராக்கை வேரோடு தூக்க வேண்டும்.

இப்போது உன் கணக்குக்கு வா. அந்தப் படத்தில் பத்து டிராக் என்று வைத்துக்கொண்டால் சராசரி ஒன்றுக்குப் பதின்மூன்றரை நிமிடம். அதற்குள் ஆரம்பம், சிக்கல், முடிவு மூன்றும் அடங்கியது எப்படி? முகங்கள். ஹ்யூ கிரான்ட், எம்மா தாம்சன், லியாம் நீசன், காலின் ஃபர்த் என்று ஆள் வந்து நின்றதுமே பாதி அறிமுகம் முடிந்துவிடுகிறது. உன் படத்தில் எல்லாரும் புதுமுகம் என்கிறாய். அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் முதல் இரண்டு சீனுக்குள் பெயர், வேலை, என்ன வேண்டும் என்கிற ஆசை மூன்றும் பதிய வேண்டும். அதற்கே நேரம் தின்னும். ஏழு அதிகம், ஐந்து போதும். தபால்காரர் டிராக்கையும் அந்தக் கல்லூரிப் பையன்கள் டிராக்கையும் எடுத்துவிடு. ஏழாவதில் கை வைக்காதே. அதற்கு வருகிறேன்.

கோர்ப்பைப் பற்றி. உன் ஆட்கள் எல்லாரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் சந்திக்கிறார்கள். இது தற்செயல், ஒரு தடவைக்கு மேல் ஜனம் நம்பாது. அந்தப் படத்தில் இணைப்பெல்லாம் கதை தொடங்கும் முன்பே இருப்பவை. எம்மா தாம்சன் நடித்த கேரன், பிரதமரின் சகோதரி. மனைவியைப் பறிகொடுத்த டேனியலுக்குத் தோழி. அவள் கணவன் ஹாரியின் ஆபீஸில்தான் சாராவும் மியாவும் வேலை பார்க்கிறார்கள். மியாவின் பக்கத்து வீடு, பிரதமர் விரும்பும் நேட்டலியின் வீடு. ரத்தம், வேலை, அக்கம்பக்கம், இவ்வளவுதான். உன் பேக்கரிக் கிழவரை நர்ஸின் வீட்டு ஓனராக்கு; பஸ் ஸ்டாப்பே வேண்டாம்.

'கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம்', 'நான்கு வாரம்' என்று திரையில் வரும் டைட்டிலை லேசாக நினைக்காதே. எல்லா டிராக்குக்கும் ஒரே கெடு தேதி கிடைத்துவிடுகிறது. டைட்டில் விழுந்ததும், சரி, எல்லாரையும் ஒரு சுற்று பார்க்கப்போகிறோம் என்று ஜனம் தயாராகிவிடும். நீயும் சுவரில் வாரத்துக்கு ஒரு பத்தி போடு. டிராக்குக்கு ஒரு நிறம், சீனுக்கு ஒரு கார்டு. ஒரு நிறம் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் கண்ணில் படாமல் போனால் அந்த ஆளை மறந்துவிடுவார்கள். திரும்பி வரும்போது முதல் ஷாட்டிலேயே இடமோ முகமோ தெரிய வேண்டும். குளோஸப்பில் ஒரு கையைக் காட்டி ஆரம்பித்தால் யார் கை என்று யோசிப்பதிலேயே வசனம் போய்விடும். 74-ஆம் பக்கத்தில் நீ அதைத்தான் செய்திருக்கிறாய்.

ஒரே தன்மையுள்ள சீன்களை அடுத்தடுத்து வைக்காதே. உனக்கு மூன்று அழுகை வரிசையாக வருகிறது. மூன்றாவதற்கு யாரும் அழ மாட்டார்கள், லேக் அடிக்கும். அந்தப் படத்தில் ஒரு கழுத்துச் சங்கிலி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார், நான் சொல்வது புரியும். மனம் தடுமாறிய ஹாரி, கடையில் மியாவுக்காகச் சங்கிலி வாங்க நிற்கிறான். மனைவி அதே கடையில் வேறு பக்கம். விற்பனையாளராக ரோவன் அட்கின்சன், பெட்டிக்கு ரிப்பன் கட்டி, பையில் போட்டு, காய்ந்த பூ தூவி, லாவெண்டர் போட்டு, பட்டை வைத்து, நேரத்தை இழு இழு என்று இழுக்கிறார். தியேட்டர் சிரிக்கிறது. கேரன் வந்துவிட, ஹாரி வாங்காமலே நழுவுகிறான். பிறகு அவன் வாங்கியதைப் படம் காட்டுவதே இல்லை. அவன் கோட்டுப் பையில் கேரனின் கைக்கு அது தட்டுப்படுவதைத்தான் காட்டுகிறது. தனக்குத்தான் என்று அவள் சந்தோஷப்படுகிறாள். சிரித்த அதே பொருளை வைத்துத்தான் பிறகு அடிக்கிறார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் அவள் பிரிக்கும் பெட்டிக்குள் சங்கிலி இல்லை, பாடகி ஜோனி மிட்செலின் சிடி இருக்கிறது. கவனி, அது மோசமான பரிசு இல்லை. உணர்ச்சிகளைத் தனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் குரல்தான் என்று அவளே முன்னால் ஹாரியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் அதைக் காதில் வாங்கியிருக்கிறான், ஞாபகம் வைத்து வாங்கியும் இருக்கிறான். அதனால்தான் வலிக்கிறது. படுக்கையறைக்குப் போகிறாள். 'போத் சைட்ஸ் நவ்' பாட்டு ஓடுகிறது. அதுவும் இளவயதுக் குரலில் பாடிய பழைய பதிவு இல்லை, 2000-இல் வயதான குரலில் திரும்பப் பாடியது. வசனம் கிடையாது. நின்றபடியே அழுகிறாள், கண்ணைத் துடைக்கிறாள், கட்டில் விரிப்பை நீவிச் சரிசெய்கிறாள், பிள்ளைகளிடம் சிரித்த முகத்தோடு போகிறாள். கேமரா அவளைத் துரத்தவில்லை. விரிப்பை நீவும் அந்தக் கையை அவசரப்பட்டு வெட்டியிருந்தால் சீன் போயிருக்கும்.

உன் ஏழாவது டிராக்கில் அந்தக் கை இல்லை. ஈஸ்ட் ஹாம் ஃபிளாட்டில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு நீ ஆறு சீன் எழுதியிருக்கிறாய். ஆறிலும் 'சிரிக்கிறாள்' என்று போட்டிருக்கிறாய். கணவன் நான்கு சீனில் வருகிறான், பேசுவது ஒன்பது வரி. மற்ற நேரம் எங்கே போகிறான், ஏன் பேசுவதில்லை, ஸ்கிரிப்ட்டில் எங்கேயும் இல்லை. ஜனத்துக்குச் சொல்ல வேண்டாம் என்பது உன் விருப்பம். எடிட்டருக்காவது தெரிய வேண்டாமா? 88-ஆம் பக்கத்தில் இரண்டு தட்டு வைத்துக் காத்திருக்கிறாள். 131-இல் எல்லாருக்கும் விருந்து வைக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? மற்ற ஆறு டிராக்கையும் உட்கார்ந்து செதுக்கியவள் இதை மட்டும் ஓடி ஓடி எழுதியிருக்கிறாய்.

அவளுக்கு ஒரு ஆளைக் கொடு, பாப்பா. கேரனைப் பார். டேனியலுக்கு ஆறுதல் சொல்கிறாள், பிள்ளைக்கு லாப்ஸ்டர் வேஷத்துக்கு ஏற்பாடு செய்கிறாள், தன்னுடையதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. அழுத அன்று சாயங்காலமே பள்ளி நாடகம். கூடப்பிறந்தவன் நாட்டின் பிரதமர், எதிரே வந்து நிற்கிறான். தங்களுக்காக வந்தான் என்று நினைத்துக் கட்டிப்பிடிக்கிறாளே தவிர, ஒரு வார்த்தை? அதற்குப் பெரிய மனுஷன் வேண்டாம், காது இருந்தால் போதும். இதை எழுத்தாளர் விட்டுவிட்டார் என்பதுதான் என் குறை. ஆனால் ஒன்று செய்தார். நாடகம் முடிந்ததும் அவளை ஹாரி முன்னால் நிறுத்திக் கேட்க வைத்தார்: என் இடத்தில் இருந்தால் நீ என்ன செய்வாய் என்று. என்னை மட்டுமில்லை, நான் வாழும் வாழ்க்கையையும் கேலிக்கூத்தாக்கிவிட்டாய் என்கிறாள். கத்தவில்லை. சொன்னாள். உன் பெண் சொல்லவே இல்லை. அவனிடம் இல்லாவிட்டால் நர்ஸிடம் சொல்லட்டும், ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லட்டும், யாரிடமாவது. ஒரு சீன், ஒன்றரை பக்கம் போதும். அவளுக்கு ஒரு ஆளைக் கொடு.

கடைசியில், ஒரு மாதம் கழித்து ஹீத்ரூ விமான நிலையத்தில் ஹாரி வந்து இறங்குகிறான். எப்படி இருக்கிறாய் என்கிறான். நன்றாக இருக்கிறேன் என்று அவள் இரண்டு தடவை சொல்கிறாள். ஒரு தடவை சொன்னால் பதில். இரண்டாவது தடவை எதற்கு என்பது காது உள்ள எவனுக்கும் புரியும். அந்த இருவரும் பிறகு என்ன ஆனார்கள் என்று ஜனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஸ்கிரிப்ட் எடிட்டர் எம்மா ஃப்ராய்ட் 2015-இல் பதில் சொன்னார்: சேர்ந்தேதான் இருக்கிறார்கள், ஆனால் வீடு பழைய மாதிரி சந்தோஷமாக இல்லை. எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பிரிந்திருந்தாலும் கதை ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. உன் கிளைமாக்ஸில் ஏழு ஜோடியும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? அந்தப் படத்திலேயே சாரா, பிடித்தவனை விட்டுவிட்டு உடம்புக்கு முடியாத அண்ணன்தம்பியோடுதான் பண்டிகையைக் கழிக்கிறாள். யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. ஏழாவது பெண் தனியாக நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து எழுதாதே. பெரியப்பா பேசிய பேச்செல்லாம் ஒரு கணக்கா?

அதில் இருக்கும் குறையையும் எடுத்துக்கொள்ளாதே. நேட்டலியின் உடம்பைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லும் ஜோக் எனக்கு அப்போதே கசந்தது. 2023-இல் கர்டிஸின் மகள் ஸ்கார்லெட்டே செல்ட்டன்ஹாம் இலக்கிய விழா மேடையில் அப்பாவைக் கேட்டுவிட்டார், அவரும் ஒப்புக்கொண்டார். உன் 39-ஆம் பக்கத்தில் நர்ஸின் தோழியைப் பற்றி அதே ரக ஜோக் இருக்கிறது. எடுத்துவிடு.

இவ்வளவு குறை சொல்கிறேனே என்று நினைக்காதே. உருப்படாத ஸ்கிரிப்ட் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன், உனக்குத் தெரியும். வேலையை விட்டுவிட்டு எழுதப்போகிறேன் என்றபோது நான் பேசியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். அதை இப்போது கிளறவில்லை. வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி இரண்டு மணிக்கு மெயில் அனுப்புகிறாய், அந்த நேரத்தில் ஏன் விழித்திருக்கிறாய்?

டிசம்பரில் வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் போடு, பிறகு விலை ஏறிவிடும். ஒருவரா இருவரா என்று விளக்கம் எதுவும் வேண்டாம், தேதியை மட்டும் சொல். உன் அறையை அம்மா ஒழித்து வைத்துவிட்டாள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. எழுதுவதை இங்கிருந்தும் எழுதலாம். ஏழாவது டிராக்கை மாற்றியதும் எனக்கு அனுப்பு. மாற்றாவிட்டாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா

பி.கு.: 61, 63 இரண்டு பக்கத்திலும் சீன் நம்பர் 48 என்றே இருக்கிறது. கார்டு போடும் முன் திருத்திவிடு, இல்லாவிட்டால் அதற்குப் பிறகு வரும் நம்பரெல்லாம் தப்பாகிவிடும்.