கேபிள் அண்ணாச்சிக்கு ஒரு மாதப் பாக்கி

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். வள்ளியூர்ப் பக்கம் இப்போது காற்றுக் காலம், காற்றாலைகள் இரவெல்லாம் சுற்றுகின்றன என்று அம்மா சொன்னாள். உங்கள் மொட்டைமாடியிலிருந்து அவை தெரியும் என்று நினைக்கிறேன். டிஷ் ஆன்டெனாவை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வளைந்த கழுத்துக்கு அங்கேயும் ஏதாவது வேலை வேண்டுமே.

என்னை நினைவிருக்கிறதா? மும்பை தாராவியில் 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்தில், மாவு மில்லுக்கு மேலே உங்கள் கண்ட்ரோல் ரூம். அதிலிருந்து நான்காவது வீடு எங்களுடையது. 2009-இல் இரும்பு ஏணியில் ஏறிவந்து, உங்களை 'ஏமாற்றுக்காரர்' என்று கத்திய பெண் நான்தான். எனக்கு அப்போது பதினைந்து வயது. கீழே மாவு அரைக்க நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஊரறியத் திட்டியதை உங்கள் காதோடு மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அதனால்தான் இந்தக் கடிதமும் ஊரறிய.

காரணம் உங்களுக்கு மறந்திருக்கும். என் தம்பி நாள்தோறும் மாலையில் பார்க்கும் கார்ட்டூன் சேனலில் ஒருநாள் பொம்மைகள் காணாமல் போயின. அந்த நேரத்தில், பள்ளிக்கூட நடைபாதையில் பெட்டி அலமாரிகளுக்கு முன்னால் நின்று வெள்ளைக்காரப் பையன்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ எங்கோ சிரித்தார்கள். தம்பிக்கு ஒன்பது வயது. அழவில்லை. டிவியைத் தட்டினான். பிறகு, 'அண்ணாச்சி வேறு சேனலை மாற்றி விட்டுவிட்டார்' என்று அறிவித்தான். நான் நம்பினேன். ஏணியில் ஏறினேன். நீங்கள் திட்டவில்லை. 'மேலேயிருந்து வருவதைத்தான் பாப்பா நான் கீழே விடுகிறேன்' என்றீர்கள். அது பொய் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்தேரியில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்காகக் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். நீங்கள் கீழே விட்டதெல்லாம் எங்கே சமைக்கப்பட்டு வந்தது என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

2009 ஒரு விசித்திரமான ஆண்டு, அண்ணாச்சி. பெயரிலேயே கார்ட்டூனை வைத்திருந்த கார்ட்டூன் நெட்வொர்க், அமெரிக்காவில் அந்த ஜூன் மாதம் 'சிஎன் ரியல்' என்று ஒரு வரிசையை இறக்கியது. பேய் தேடிப் போகும் சிறுவர்கள், எதையாவது வெடிக்கவைத்து மிச்சமிருக்கும் இரும்பில் வண்டி செய்யும் போட்டி, இப்படி எல்லாமே நிஜ மனிதர்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அங்கே 'டூன் டிஸ்னி' என்ற சேனல் 'டிஸ்னி எக்ஸ்டி' ஆனது. நவம்பரில் இங்கேயும் ஆனது. பெயரிலிருந்து 'டூன்' உதிர்ந்தது. அதாவது நான் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆண்டில், அட்லாண்டாவிலும் கலிஃபோர்னியாவிலும் பெரிய பெரிய அலுவலகங்களில் இருந்தவர்கள் பொம்மைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாவு மில்லுக்கு மேலே உட்கார்ந்திருந்த உங்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

ஏன் அனுப்பினார்கள்? காசுதான். வரையப்பட்ட ஓர் அரைமணி நேரக் கதை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். கதையும் குரலும் அமெரிக்காவில் முடியும், படம் வரைவது பெரும்பாலும் கொரியாவில் நடக்கும். நடிகர்களை வைத்து எடுப்பது அப்படியில்லை. மூன்று சுவர் போட்ட ஓர் அரங்கு, நான்கு கேமராக்கள், ஒரு வாரம் போதும். அடுத்த வாரம் அதே சோபாவில் அடுத்த கதை. அதற்கு மேல் இன்னொரு லாபமும் இருந்தது. 2006 மார்ச்சில் டிஸ்னி சேனலில் 'ஹன்னா மொன்டானா' தொடங்கியது. பகலில் பள்ளி மாணவி, இரவில் பாடகி என்று ஒரு பெண். அதில் நடித்த மைலி சைரஸ் நிஜமாகவே பாடினார். அடுத்த ஆண்டே ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனார். அந்தக் கச்சேரியைப் படம் பிடித்துத் திரையரங்கிலும் காட்டினார்கள். ஓர் எலியை எவ்வளவு அழகாக வரைந்தாலும் மேடையேற்றி மைக்கைக் கொடுக்க முடியாதே. எட்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எலியைவிட அக்காவைப் பிடிக்கும் என்று கண்டுகொண்டார்கள். மற்ற சேனல்களும் அதே வழியில் ஓடின.

எல்லாருக்கும் அது கூடிவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'சிஎன் ரியல்' சில மாதங்களிலேயே சுருண்டது. 2010 ஏப்ரலில் அதே சேனலில் 'அட்வென்ச்சர் டைம்' வந்தது. ஒரு பையன், ஒரு மஞ்சள் நாய், நூல் மாதிரிக் கையும் காலும். அது 2018 வரை ஓடியது.

இனி என் தொழில் சமாசாரம். கம்பி முறுக்குவதில் உங்களுக்கு இருந்த பிடிவாதம் வார்த்தை முறுக்குவதில் எனக்கு உண்டு என்பதால் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

கார்ட்டூனுக்குத் தமிழ் எழுதுவது சுகம். வாய் திறக்கும், மூடும், அவ்வளவுதான். பூனை என்ன சொல்கிறது என்று அதன் உதட்டைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. தொடக்கமும் முடிவும் பொருந்தினால் நடுவில் என் இஷ்டம். பையன் நிஜப் பையனாகிவிட்டால் கதை மாறுகிறது. ப, ம என்ற இரண்டு எழுத்துகள் உயிரை எடுக்கும். அவற்றைச் சொல்ல உதடு மூடியாக வேண்டும், அது திரையில் பளிச்சென்று தெரியும். அவன் 'மேபி' என்கிறான். உதடு இரண்டு முறை மூடித் திறக்கிறது. நான் 'ஒருவேளை' என்று எழுதினால் ஒரு முறைகூட மூடாது. பார்க்கிற குழந்தைக்குக் காரணம் தெரியாது, ஆனால் இவன் நம் ஆள் இல்லை என்று பட்டுவிடும். கடைசியில் 'பார்ப்போம்' என்று எழுதினேன். மூடுகிறது, திறக்கிறது, மறுபடியும் மூடுகிறது. கடைசி 'ம்'மை மட்டும் குரல் கொடுப்பவர் விழுங்கிவிட வேண்டும். ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம். அம்மாவைக் கூப்பிடும் இடம் வந்தால் மட்டும் நிம்மதி. அங்கே தமிழ்தான் ஜெயிக்கும்.

உதட்டைப் பொருத்திவிட்டாலும் மீதிக்கு என்ன செய்வது? வகுப்பு முடிந்த பிறகு தண்டனையாக உட்காரவைக்கும் அறை, ஆண்டு முடிவில் ஜோடியோடு போகும் நடன விருந்து, அக்டோபரில் பேய் வேஷம். இதையெல்லாம் எந்தத் தமிழில் சொன்னாலும் எங்கள் தாராவிப் பிள்ளைக்கு அது அடுத்தவர் வீட்டு விசேஷம். எலி எந்த ஊர் என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை. ரேஷன் கார்டு இல்லாமலேயே எங்கள் சந்தில் அது குடியேறிவிடும்.

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. 'போகோ சேனலில் அந்த ஜப்பான்காரர்கள் சேற்றில் விழுந்தபோது சந்தே உருண்டு சிரித்ததே, அவர்கள் மனிதர்கள் இல்லையா' என்று கேட்பீர்கள். 'தகேஷீஸ் காசில்'! 1986-இலிருந்து 1990 வரை ஜப்பானில் ஓடிய பழைய நிகழ்ச்சி, ஜாவேத் ஜாஃப்ரியின் இந்தி வர்ணனையோடு நமக்குப் புத்தம் புதிதாக வந்தது. அங்கே யாரும் உதட்டைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. படம் ஒன்று காட்டும், வர்ணனை வேறொன்று சொல்லும். எல்லா மனித நிகழ்ச்சிகளையும் அப்படிச் செய்ய அனுமதித்தால் நான் சம்பளமே வாங்காமல் எழுதுவேன். இன்னொன்றும் உண்டு. சன் டிவியில் 'மை டியர் பூதம்' வந்தபோது அதில் நடித்தவர்களும் நிஜப் பிள்ளைகள்தான். தம்பி ஒருநாளும் டிவியைத் தட்டவில்லை.

நம் நாட்டிலும் முயன்று பார்த்தார்கள். டிஸ்னி சேனல் இங்கே இந்தியில் 'பெஸ்ட் ஆஃப் லக் நிக்கி' எடுத்தது, 2011-இல். அடுத்த ஆண்டு, ஓட்டலில் வாழும் இரட்டையர் கதைக்கு 'கரண், கபீர்' என்று இந்தியப் பெயர் வைத்து எடுத்தது. ஆனால் குழந்தை நடிகர்களிடம் உள்ள தொல்லை, அவர்கள் வளர்வார்கள். குரல் உடையும், மீசை அரும்பும். ஹைதராபாத்தில் வரையப்பட்டு 2008-இல் போகோவுக்கு வந்த சோட்டா பீம் இன்னும் அதே வேட்டியில் அதே லட்டைத் தின்றுகொண்டிருக்கிறான். அவனைத் தமிழில் பேசவைக்க மறுபடி எதையும் படம் பிடிக்க வேண்டாம், என்னைப் போல ஒருத்தியும் நாலு குரல்களும் போதும். 2017-இல் வந்த விதிப்படி ஒரு குழந்தை நட்சத்திரத்தை நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அதன் பெயரில் வங்கியில் போட வேண்டும். நல்ல விதி. பீமுக்கு அது பொருந்தாது. 2012-இல் மோட்டு, பட்லு என்ற இரண்டு கார்ட்டூன் நண்பர்களும் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்கா எந்த வழியில் போனதோ, அதற்கு நேர் எதிர் வழியில் நாம் வந்துவிட்டோம். அந்த எக்ஸ்டி சேனலே இங்கே இரண்டு பெயர் மாறி, 2022-இல் 'சூப்பர் ஹங்காமா' என்று பொம்மைகளோடு வந்தது.

நீங்கள்தான் அதைப் பார்க்க இல்லை. 2012 அக்டோபர் 31-உடன் மும்பையில் பழைய கேபிள் முடிந்து வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. உங்கள் அலமாரியில் அடுக்கியிருந்த ரிசீவர்கள், இரவும் பகலும் ஓடிய அந்த மேசை விசிறி, பென்சிலால் எழுதிய வசூல் நோட்டு எல்லாம் ஒரே நாளில் பழசாயின. பாக்ஸோடு வந்த ரிமோட்டில் மொழிக்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் இந்தி, மறுபடி அமுக்கினால் தமிழ். தம்பிக்கு அப்போது பன்னிரண்டு வயது, கிரிக்கெட் தவிர எதையும் பார்ப்பதில்லை. அமுக்கிப் பார்த்தது நான். தமிழ் வந்ததும் 2005 மே மாதம் சட்டென்று நினைவுக்கு வந்தது.

அந்த மே மாதத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கோடை விடுமுறை. ஒருநாள் காலை டிவியைப் போட்டால் அந்தக் கார்ட்டூன் சேனல் தமிழ் பேசியது. முந்தைய நாள் வரை இந்தி பேசிய அதே நரி, அதே முயல். சந்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டை விட்டு வெளியே ஓடிவந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் படித்தது ஆங்கிலப் பள்ளி, விளையாடியது இந்தியில், தமிழ் என்றால் அம்மாவும் ஆச்சியும் பேசும் திருநெல்வேலித் தமிழ். டிவி நரி வேறு தமிழ் பேசியது. 'சதித்திட்டம்', 'பேராபத்து', 'அற்புதம்'. ஐந்து வயதுத் தம்பி அம்மாவின் புளிக்குழம்பை 'அற்புதம்' என்று பாராட்டினான். அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். நான் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் சொற்களை எழுதிவைத்தேன். இப்போது வசனம் எழுதும்போது நான் கைவைக்கும் முதல் சரக்கு அந்தப் பின்பக்கம்தான்.

ஜூன் முதல் வாரம் இந்தி திரும்பிவிட்டது. குயவர்கள் வாழும் கும்பார்வாடாவின் பிள்ளைகளும் பீகார்க்காரர்களும் உங்களிடம் வந்து சத்தம் போட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம்தான், அவர்களும் மாதாமாதம் காசு கொடுத்தார்கள். படத்தோடு சேர்ந்து இரண்டு மூன்று மொழிகளின் ஒலியும் வானத்திலிருந்து இறங்கும், எதைக் கம்பியில் விடுவது என்பது கேபிள்காரரின் ரிசீவரில் ஒரு பொத்தான் என்பதெல்லாம் பிறகு தெரிந்த விஷயம். அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அண்ணாச்சி நினைத்தால் நரி தமிழ் பேசும், நினைக்காவிட்டால் பேசாது. அதனால்தான் 2009-இல், 'மேலேயிருந்து வருவதைத்தான் விடுகிறேன்' என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. மேலேயிருந்து வருவதை நீங்கள் மாற்றி நான் பார்த்திருக்கிறேனே!

அந்த 2009 நவம்பர் மாத கேபிள் காசு 200 ரூபாயை உங்களிடம் கொடுக்கக் கூடாது என்று அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்து ஒளித்துவைத்தவள் நான். நீங்கள் மூன்று முறை வந்து கேட்டுவிட்டு, பிறகு கேட்கவில்லை. உங்கள் நோட்டில் எங்கள் வீட்டுக்கு நேராக அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கும். அடுத்த மாதம் அம்மா ஊருக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். வட்டி எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லி அனுப்புங்கள். அந்த மே மாதம் தமிழை நீங்கள் தெரிந்தேதான் வைத்தீர்களா, அல்லது தூசி துடைக்கும்போது கை பட்டுவிட்டதா?

அன்புடன்,
நான்காவது வீட்டுப் பெண்