தண்டையார்பேட்டைப் பெரியவருக்கு நன்றி

ஐயா, போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் எனக்கு உதவினீர்கள். பெயரைக் கேட்டேன், சிரித்துவிட்டு நடந்துவிட்டீர்கள். அதனால்தான் நன்றியை ஊரறிய எழுதுகிறேன்.

1972-இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்ப் படக்கதை வரிசையின் முதல் இதழில் நாயகனாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962-இல் தொடங்கிய தொடர். உடலில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அறிவியல் கதைகள்மேல் எனக்குப் பித்துப் பிடித்ததே அந்தக் கையால்தான்.

என்னிடமிருந்த மாயாவி இதழ் ஒன்றில் நடுத்தாள் இல்லை. அதைத் தேடித்தான் கட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தேன். விவரம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர், கரையான் அரித்த உங்கள் பிரதியோடு திரும்பி வந்தீர்கள். நடுத்தாள் மட்டும் பிழைத்திருந்தது! தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்த துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை நீங்கள் பிடித்து இழுக்கவில்லை. கத்தி முனையால் அதன் இரண்டு கால்களையும் மெல்ல நிமிர்த்தி, இதழைத் திருப்பி, முதுகுப் பக்கமாக உருவினீர்கள். பொரிந்துபோன அந்தத் தாளில் ஒரு கீறல்கூட விழவில்லை. எத்தனை பொறுமையான விரல்கள்!

"கடல் காற்றுக்கு இரும்புப் பின் தாங்காது தம்பி, நூலால் தைத்துவிடுங்கள்" என்றீர்கள். காசை நீட்டியதும் கோபித்துக்கொண்டீர்கள்.

சொன்னபடியே தைத்துவிட்டேன், ஐயா. என்னிடம் இரண்டு பிரதிகளாக இருந்த மாயாவி இதழ் ஒன்றை அந்தக் கடைக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.