அப்டேட் நின்ற ரவுட்டரைக் குப்பையில் போடும் முன்

ஆசிரியருக்கு,

நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்டால் வீட்டு வைஃபை ரவுட்டரை மாற்றிவிட வேண்டும் என்கிற அறிவுரை பாதிதான் சரி. ஆபத்து உண்மை: 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளுக்குள் புகுந்தது. ஆனால் அப்டேட் நின்ற பெரும்பாலான ரவுட்டர்களில் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகை நன்றாகவே இருக்கிறது, மென்பொருள்தான் பழசு. ஓப்பன்டபிள்யூஆர்டி (OpenWrt) என்ற திறமூல மென்பொருள், அதாவது மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள், அந்த இடத்தை நிரப்பும்.

முதலில் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் பெயரோடு 'வெர்ஷன்' எண்ணையும் பாருங்கள். டிபி-லிங்க் 841என் மாடலில் 13ஆம் வெர்ஷனுக்கு 8 எம்பி ஃபிளாஷ் (மென்பொருள் தங்கும் நினைவகம்), 64 எம்பி ரேம் (அது ஓடும்போது பயன்படும் நினைவகம்). அதற்குப் பின் வந்த 14ஆம் வெர்ஷனுக்கோ 4 எம்பி, 32 எம்பி! புதியது என்று வாங்கியவர்தான் ஏமாந்தார். இப்படி 4/32 (ஃபிளாஷ்/ரேம்) உள்ள கருவிகளில் இன்றைய பதிப்புகள் ஓடாது, அவற்றில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 16/128 இருந்தால் நிம்மதி. மீடியாடெக், குவால்காம் ஏதெராஸ் சிப்கள் ஒத்துழைக்கும். பிராட்காம் வைஃபைக்கு நல்ல திறமூல டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) இல்லை. இணைய நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியைத் தொடாதீர்கள். அதற்குப் பின்னால் இந்த ரவுட்டரை மாட்டினால் போதும்.

ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் கருவி இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். மூடியைக் கழற்றினால் பலகையில் பெரும்பாலும் நான்கு துளைகள் வரிசையாக இருக்கும். ரவுட்டரின் செய்திகளைக் கணினியில் படிக்க உதவும் 3.3 வோல்ட் யுஎஸ்பி சீரியல் அடாப்டரில் கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி), ஆர்எக்ஸ் (பெறும் கம்பி) ஆகிய மூன்றை மட்டும் அவற்றோடு இணையுங்கள்; டிஎக்ஸ் எதிர்ப்பக்க ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும். மின்சாரம் தரும் விசிசியை விட்டுவிடுங்கள். கணினியில் அமைக்க வேண்டிய சீரியல் வேகம் பெரும்பாலும் 115200. பூட் ஆகும்போது ஓடும் வரிகளிலேயே சிப், ஃபிளாஷ் அளவு, பகிர்வுகள் (ஃபிளாஷ் பிரிக்கப்பட்டிருக்கும் பகுதிகள்) எல்லாம் தெரிந்துவிடும்.

அடுத்து, எதையும் எழுதும் முன் ஃபிளாஷ் முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். அதில் 'ஆர்ட்' அல்லது 'ஃபேக்டரி' என்ற சிறு பகுதியில் அந்த ஒரு கருவிக்கே உரிய வைஃபை அளவீடுகள் இருக்கின்றன. அது அழிந்தால் சிக்னல் படுத்துவிடும். வேறொரு ரவுட்டரின் நகல் சரிப்படாது. பிறகு அதே சிப் உள்ள, ஏற்கெனவே ஆதரவு பெற்ற மாடலின் டிவைஸ் ட்ரீ கோப்பை (பலகையில் என்ன எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு) எடுத்து, பகிர்வு முகவரிகள், விளக்கு, பட்டன், மேக் முகவரி (கருவியின் வலை அடையாள எண்) இருக்கும் இடம் ஆகியவற்றைத் திருத்துங்கள். ரேமில் மட்டும் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் பதிப்பை டிஎஃப்டிபி (வலைக் கம்பி வழியாகக் கோப்பை அனுப்பும் எளிய முறை) வழியாக ஏற்றிச் சோதித்தால் ஃபிளாஷுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே அவசரப்படுகிறவர்கள்தான் கருவியைக் கொல்கிறார்கள்.

போர்ட் வரிசையைத் தனியாகச் சரிபாருங்கள். வேன் (இணையப் பக்கம்) போர்ட்டை லேன் (வீட்டுப் பக்கம்) என்று எழுதிவிட்டால் வீட்டு வலை இணையத்துக்குத் திறந்துவிடும். ஃபிளாஷில் எழுதும்போது மின்சாரம் போனாலும் பூட்லோடர் (ரவுட்டரை முதலில் எழுப்பும் சிறு நிரல்) பிழைத்திருந்தால் டிஎஃப்டிபியில் மீட்கலாம். பூட்லோடரே போய்விட்டால், எட்டுக்கால் ஃபிளாஷ் சிப்பில் கிளிப் மாட்டி சிஎச்341ஏ புரோகிராமரால் (சிப்பில் நேரடியாக எழுதும் சிறு கருவி) நகலைத் திரும்ப எழுத வேண்டும். அதன் மலிவான கறுப்புப் பலகை வகை 5 வோல்ட் சிக்னல் தருவதுண்டு, 3.3 வோல்ட் சிப்பில் மாட்டும் முன் மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள்.

எல்லாம் ஓடினால் திருத்தத்தை, கருவி விவரம், நிறுவும் முறை, மேக் முகவரி அட்டவணை ஆகியவற்றோடு ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்துக்கு அனுப்புங்கள். ஏற்கப்பட்டால் அடுத்தடுத்த பதிப்புகளில் அந்த மாடலுக்கான கோப்பும் தானாகத் தயாராகும். ஒருவர் உழைத்தால் அதே கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் அப்டேட். மாடல் பெயர் பொருந்தாத கோப்பை, ஓப்பன்டபிள்யூஆர்டியின் அப்டேட் கட்டளையான சிஸ்அப்கிரேடு மறுத்துவிடும். அந்த எச்சரிக்கையை மீறிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

நிறுவனங்கள் மூலநிரலைத் தராததால்தான் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. 2003இல் லிங்க்ஸிஸ் தன் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் நிரலை வெளியிட்டதால்தான் 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டியே பிறந்தது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதை உற்பத்தியாளர் அறிவித்தாக வேண்டும். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை, ரவுட்டர் பெட்டியின் மேல் அந்தத் தேதியை அச்சிடச் சொல்ல வேண்டும். ஆதரவு முடியும் நாளில் மூலநிரலை வெளியிட்டு, பூட்லோடர் பூட்டைத் திறந்துவிடவும் உத்தரவிட வேண்டும்.

வாசகர்,
கோயம்புத்தூர்