ஆக்சிலின் பல் கணக்கை எழுதிக் கொடுங்கள்: சேலம் உதிரிபாக வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் பழைய வாகன உதிரிபாகங்கள் விற்கும் கடைக்காரர்களுக்கும், அவற்றைப் பூட்டித் தரும் பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். நாங்கள் இன்னும் பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்புகளை விடாமல் வைத்திருப்பது ஆசைக்காக அல்ல; எங்கள் சரிவில் வேறு வண்டி ஏறாது. அந்த வண்டிகள் இன்றும் ஓடுவது உங்கள் தயவில்தான். அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.

கடந்த பறிப்புக் காலத்தில் என் ஜீப்பின் பின் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தின் பல் உதிர்ந்தது. முன் ஆக்சிலில் கிரவுனுக்கு 43 பல், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனுக்கு 8 பல் என்று தெளிவாகச் சொல்லித்தான் மாற்று ஆக்சில் கேட்டேன். “அண்ணா, அதே வண்டியில் கழற்றியதுதான், அப்படியே பூட்டுங்கள்” என்றார் விற்றவர். பூட்டியவரும் திறந்து பார்க்கவில்லை. அதே வெளிக்கூடு (ஹவுசிங்), அதே போல்ட் துளைகள். ஆனால் உள்ளே இருந்தது 39க்கு 8.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பின் சக்கர இழுவையிலேயே ஏறிவிட்டேன். எப்போதும் இரண்டாவது கியரில் ஏறும் இடங்களில் வண்டி முதல் கியர் கேட்டது. சுமைதான் காரணம் என்று நினைத்தேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மாலை, பறித்த பழ மூட்டைகளோடு தோட்டத்திலிருந்து ஏறும்போது முன் சக்கரங்களுக்கும் இழுவை தரும் லீவரைப் போட்டேன். சேற்றில் டயர்கள் வழுக்கியதால் ஒன்றும் தெரியவில்லை. சிமென்ட் சாலையில் ஏறியதும் ஸ்டியரிங் இறுகியது. லீவரை எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. இருபது அடி கூடப் போயிருக்க மாட்டேன். காலடியில் வெடித்தது போல ஒரு சத்தம். இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் விரிசல் விட்டு, ஆயில் சாலையில் ஓடியது.

காரணம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஜீப்புகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே, வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் போகும் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். பல் கணக்கு வேறாக இருப்பதால், பின் சக்கரம் 100 மீட்டர் உருளும்போது என் முன் சக்கரம் 91 மீட்டர்தான் உருளப் பார்க்கும். மீதி 9 மீட்டருக்கு டயர் தேய வேண்டும், அல்லது ஏதாவது உடைய வேண்டும். முன்னால் 41க்கு 10, பின்னால் 45க்கு 11 என்று நூலிழை வித்தியாசம் இருந்தால் டயர் தாங்கிக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கை எது தாங்கும்?

அன்று வண்டியில் இருந்தது பழுத்த அராபிகா. பறித்த அன்றே பல்பரில் போட்டுத் தோல் நீக்காவிட்டால் மூட்டைக்குள்ளேயே புளித்துவிடும். பறித்த பெண்களே, நாள் முழுவதும் சரிவில் நின்ற காலோடு, டார்ச் வெளிச்சத்தில் மூட்டைகளைத் தலையில் சுமந்து போனார்கள். நான் கேட்கவில்லை, அவர்களாகவே தூக்கினார்கள். மூன்றாவது நடையில் ஓர் அக்காவுக்குக் கால் பிசகியது. அதற்குமேல் யாரையும் தூக்க விடவில்லை. விடிந்து மிச்ச மூட்டைகளைப் பிரித்தபோது சூடும் புளித்த வாடையும் முகத்தில் அடித்தன. ஓராண்டு உழைப்பின் வாடை அது.

நான் கேட்பது ஒன்றுதான்: விற்கும் ஒவ்வொரு ஆக்சிலிலும் பல் கணக்கைப் பெயின்டால் எழுதுங்கள், பில்லிலும் எழுதுங்கள். திறக்க நேரமில்லை என்றால் சக்கரம் பூட்டும் ஹப்பை ஒரு பக்கம் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பினியனின் வெளி முனைத் தட்டான ஃபிளேஞ்சில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டால் போதும். 43க்கு 8 என்றால் அது ஐந்து சுற்றைத் தாண்டி, இன்னும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போகும். 39க்கு 8 ஐந்தைத் தொடாது. இரண்டு நிமிட வேலை.

இது ஆக்சிலோடு நிற்கவில்லை என்பதுதான் என் கோபம். முன்னால் ஓர் அளவு டயர், பின்னால் வேறு அளவு டயர் போட்டு அனுப்புகிறார்கள். பில் கேட்டால் முகம் மாறுகிறது. போய்க் கேட்டால் “ஓட்டியவர் தவறு” என்கிறார்கள். இந்த வண்டிகளில் பின்னால் உட்கார்ந்து வருவது கூலிக்கு வரும் மனிதர்கள். பள்ளத்தை ஒட்டிய வளைவில் என் ஸ்டியரிங் இறுகியிருந்தால் யார் பதில் சொல்வது?

வார்த்தை கடுமையாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பல் கணக்கை எழுதிக் கொடுங்கள் என்று மட்டும்தான் கேட்கிறேன். பட்டறைக்காரர்களே, நீங்களும் பூட்டுவதற்கு முன் முன்னையும் பின்னையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வேறு ஆக்சில் வாங்க அடுத்த வாரம் சேலத்துக்கு இறங்கி வருகிறேன். உடைந்த என் பழைய கிரவுனையும் பினியனையும் சாக்கில் கட்டிக் கொண்டுவருவேன். பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத் தயவுசெய்து பில் போடுங்கள்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையிலிருந்து ஒரு காப்பி விவசாயி